வெப் பிளாட்ஃபார்மின் புதிய வெர்ஷனுக்கு எப்போது மாறுவது? முடிவெடுப்பதில் தொடங்கி மாற்றி முடிப்பது வரை

பிஎச்பி, நோட், ஜாங்கோ, லாராவெல் என்று எதில் தளம் கட்டியிருந்தாலும், வருடத்துக்கு ஒரு தடவையாவது இந்தக் கேள்வி வந்து நிற்கும்: புது வெர்ஷன் வந்துவிட்டது, மாறலாமா, பொறுக்கலாமா?

புதிதாக வேலைக்கு வருபவர்கள் இதில் இரண்டு விதமாகத் தடுக்கி விழுவதைப் பார்த்திருக்கிறேன். சிலர் வெளியான வாரமே மாற்றிவிட்டு, பாதி லைப்ரரிகள் (பிறர் எழுதி நாம் எடுத்துப் பயன்படுத்தும் நிரல்கள்) வேலை செய்யாமல் திண்டாடுவார்கள். மற்றவர்கள் ஓடுகிற வரை ஓடட்டும் என்று விட்டுவிட்டு, நான்கு வருட மாற்றத்தையும் ஒரே ராத்திரியில் செய்யப் பார்ப்பார்கள். இரண்டு பேரும் புதியது வந்த தேதியை வைத்தே யோசிக்கிறார்கள். பழையதற்குப் பாதுகாப்புப் பேட்ச் (ஓட்டைகளை அடைக்கும் திருத்தம்) நிற்கும் தேதியை வைத்து யோசித்தால் பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

கீழே உள்ள படிகளை இதே வரிசையில் செய்யுங்கள். முதல் ஐந்தும் முடிவெடுப்பதற்கு, மீதி மாற்றுவதற்கு. முதல் ஐந்தையும் முடிக்காமல் ஆறாவதற்குப் போகாதீர்கள்.

1. இப்போது எங்கே, என்ன ஓடுகிறது என்று எழுதுங்கள்

"நாங்கள் 8.1-ல் இருக்கிறோம்" என்று யாராவது சொன்னால், எங்கே என்று கேளுங்கள். வெப் சர்வர் பயன்படுத்தும் பிஎச்பி ஒன்று, டெர்மினலில் ஓடும் பிஎச்பி இன்னொன்று. குறித்த நேரத்தில் தானே ஓடும் க்ரான் வேலைகள், வரிசையில் சேர்ந்த வேலைகளைப் பின்னணியில் முடிக்கும் க்யூ வொர்க்கர்கள், கோடு மாறும்போதெல்லாம் தானாக டெஸ்ட் ஓட்டும் சிஐ, ஒவ்வொருவர் கணினியிலும் இருக்கும் டாக்கர் இமேஜ் (தேவையானவை எல்லாம் சேர்த்துக் கட்டிய பொதி), டேட்டாபேஸ், சர்வரின் ஆபரேட்டிங் சிஸ்டம் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வரி போட்டு எண்ணை எழுதுங்கள். நினைவிலிருந்து எழுதாமல், ஒவ்வொரு இடத்திலும் வெர்ஷன் கேட்கும் கட்டளையை ஓட்டிப் பார்த்து எழுதுங்கள்.

இதை ஏன் முதலில் வைக்கிறேன் என்றால், ஒரு தளத்தை 7.4-லிருந்து 8.1-க்கு மாற்றியபோது இந்தப் படியைத் தாண்டிப் போனேன். பக்கங்கள் எல்லாம் அழகாகத் திறந்தன. இரண்டு நாள் கழித்துக் குழுவில் ஒருவர் 8.1-ல் வந்த ஈனம் (enum, குறிப்பிட்ட சில மதிப்புகளை மட்டும் ஏற்கும் வகை) வசதியைப் பயன்படுத்திக் கோடு (நிரல்) எழுதினார், அதுவும் நன்றாக ஓடியது. மறுநாள் காலையில்தான் தெரிந்தது, இரவு 2 மணிக்குப் பில் அனுப்பும் வேலை ஓடவே இல்லை. க்ரான்டேப் (க்ரான் வேலைகளின் பட்டியல்) வரியில் பழைய பிஎச்பி-யின் முழுப் பாதையை யாரோ எப்போதோ எழுதி வைத்திருந்தார்கள். ஈனம் என்றால் என்னவென்றே தெரியாத 7.4, அந்தக் கோப்பைப் படிக்கும்போதே நின்றுவிட்டது. பிழைச் செய்தி போய்ச் சேர்ந்த மின்னஞ்சல் பெட்டியை யாரும் திறப்பதில்லை.

பட்டியல் இருந்திருந்தால் ஐந்து நிமிட வேலை அது.

2. ஒவ்வொன்றுக்கும் ஆதரவு முடியும் தேதியைப் பக்கத்தில் எழுதுங்கள்

பெரும்பாலான பிளாட்ஃபார்ம்களுக்கு இரண்டு தேதிகள் உண்டு. முதல் தேதி வரை எல்லாப் பிழைகளையும் திருத்துவார்கள். அதன்பிறகு இரண்டாம் தேதி வரை பாதுகாப்பு ஓட்டைகளை மட்டும் அடைப்பார்கள். முடிவெடுக்க உங்களுக்கு வேண்டியது இரண்டாவது.

பிஎச்பி-யின் இப்போதைய முறைப்படி ஒரு வெர்ஷனுக்கு 2 வருடம் முழு ஆதரவு, அப்புறம் பாதுகாப்புக்கு மட்டும் ஏறக்குறைய 2 வருடம். டிசம்பர் 31-ல் முடியும். 8.2-க்கு 2026 டிசம்பர் 31, 8.3-க்கு 2027 டிசம்பர் 31. நோட் 20-க்கு 2026 ஏப்ரல் 30, நோட் 22-க்கு 2027 ஏப்ரல் 30. டாட்நெட் 8-க்கு 2026 நவம்பர் 10. ஜாங்கோவில் நீண்ட கால ஆதரவு வெர்ஷன்களுக்குச் சுமார் 3 வருடம்: 4.2-க்கு 2026 ஏப்ரல், 5.2-க்கு 2028 ஏப்ரல். லாராவெல் பாதுகாப்புத் திருத்தம் தருவது 2 வருடம்தான். ஆங்குலருக்கு மொத்தமே 18 மாதம்.

இங்கே இரண்டு விஷயங்களில் புதியவர்கள் தவறுவார்கள்.

ஒன்று, தேதி நகராது என்ற நம்பிக்கை. நோட் 16 முதலில் 2024 ஏப்ரல் வரை என்று அறிவிக்கப்பட்டது. ஆனால் அது நம்பியிருந்த குறியாக்க லைப்ரரியான ஓபன்எஸ்எஸ்எல் 1.1.1-க்கு 2023 செப்டம்பர் 11-ல் ஆதரவு முடிந்ததால், நோட் 16-ஐயும் அதே நாளில் முடித்துவிட்டார்கள். ஏழு மாதம் குறைந்தது. அதனால் தேதியை ஒரு தடவை எழுதி வைத்துவிட்டு மறந்துவிடாமல், மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அதிகாரப்பூர்வப் பக்கத்தில் சரிபாருங்கள்.

இரண்டு, ஆபரேட்டிங் சிஸ்டம் தரும் ஆதரவைக் குழப்பிக்கொள்வது. உபுண்டு 22.04 தன்னுடன் வரும் பிஎச்பி 8.1-க்குத் தானே பாதுகாப்புப் பேட்ச் போட்டுத் தருகிறது. பிஎச்பி குழு நிறுத்திய பிறகும் அது தொடரும். ஆனால் அந்த 8.1 உபுண்டுவின் சொந்தக் களஞ்சியத்திலிருந்து (மென்பொருள்களை இறக்கும் இடம்) வந்திருக்க வேண்டும். வெளிக் களஞ்சியத்தைச் சேர்த்து நிறுவியிருந்தாலோ, டாக்கர் ஹப்பில் உள்ள அதிகாரப்பூர்வ பிஎச்பி இமேஜைப் பயன்படுத்தினாலோ இந்தப் பாதுகாப்பு உங்களுக்கு இல்லை. எங்கிருந்து நிறுவினீர்கள் என்பதையும் பட்டியலில் ஒரு நெடுவரிசையாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

3. அந்தத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

பிஎச்பி 8.2-ல் ஓடும் ஒரு நடுத்தர அளவுத் தளத்தை எடுத்துக்கொள்வோம். கடைசி நாள் 2026 டிசம்பர் 31. வருடக் கடைசியில் பாதிப் பேர் விடுப்பில் இருப்பார்கள், சர்வரில் கை வைக்க யாரும் விரும்ப மாட்டார்கள். ஆகவே உண்மையான கெடு நவம்பர் நடு. மாற்றிய பிறகு வெளிவரும் சின்னச் சின்னப் பிழைகளுக்கு ஒரு மாதம் ஒதுக்கினால், மாற்றும் நாள் அக்டோபர் நடு. ஸ்டேஜிங்கில் (உண்மைத் தளத்தைப் போலவே அமைத்த சோதனைச் சர்வரில்) ஆறு வாரம் ஓட வேண்டும், அது செப்டம்பர் தொடக்கம். லைப்ரரிகளைச் சரிசெய்ய இரண்டு மாதம் என்றால் ஜூலை. டிசம்பர் வரை நேரம் இருப்பதுபோலத் தெரிந்த வேலை ஜூலையில் தொடங்கிவிட்டது.

லைப்ரரிக்கு இரண்டு மாதம் அதிகம் என்று தோன்றும். அடுத்த படியைச் செய்து பார்த்தால் தோன்றாது.

4. மிகவும் பின்தங்கிய லைப்ரரியைக் கண்டுபிடியுங்கள்

புது வெர்ஷனுக்கு நீங்கள் தயாராக இருப்பது போதாது. நீங்கள் நம்பியிருக்கும் ஒவ்வொரு லைப்ரரியும் தயாராக இருக்க வேண்டும். மாட்டுவண்டி வரிசையில் கடைசி மாட்டின் வேகம்தான் எல்லாருக்கும் வேகம்.

பிஎச்பி லைப்ரரிகளை நிறுவும் கருவியான கம்போசரில் "ஒய்-நாட்" (why-not) என்று ஒரு கட்டளை இருக்கிறது. பிஎச்பி 8.4-க்குப் போக எது தடுக்கிறது என்று அதனிடம் கேட்டால், தடுக்கும் பேக்கேஜ்களை (லைப்ரரிகளை) பெயர் சொல்லிக் காட்டும். நோட்டுக்கான அதே வகைக் கருவியான என்பிஎம்-இல் "அவுட்டேட்டட்" (outdated) கட்டளை எது எவ்வளவு பின்தங்கியிருக்கிறது என்று சொல்லும். இரண்டையும் ஓட்டி, வந்த பெயர்களை மூன்றாகப் பிரியுங்கள்: புது வெர்ஷன் தயாராக இருப்பவை, வேலை நடந்துகொண்டிருப்பவை, கைவிடப்பட்டவை. கடைசி வகையில் ஒன்று இருந்தாலும் மாற்று தேடும் வேலை உங்கள் தலையில்தான். அதை இப்போதே தொடங்குங்கள். மாற்றுக் கிடைத்துவிட்டால் பழைய வெர்ஷனிலேயே அதை மாற்றிப் பொருத்திவிடலாம்.

கட்டளை "தடை இல்லை" என்று சொல்லிவிட்டால் நிம்மதியாகிவிடாதீர்கள். ஒரு லைப்ரரி தன் தேவையை "7.4 அல்லது அதற்கு மேல்" என்று எழுதியிருந்தால், 8.4-ஐயும் அது ஏற்பதாகத்தான் கம்போசர் எடுத்துக்கொள்ளும். அதை எழுதியவர் 8.4-ல் ஒரு தடவைகூட ஓட்டிப் பார்க்காமல் இருந்திருக்கலாம். லைப்ரரியின் சிஐ பட்டியலில் உங்கள் இலக்கு வெர்ஷன் இருக்கிறதா என்று திறந்து பாருங்கள். இருந்தால்தான் நம்பலாம்.

பேக்கேஜ் கருவிகளின் கண்ணில் படாத சிலவும் உண்டு. படங்களைச் சுருக்கும் எக்ஸ்டென்ஷன், பிடிஎஃப் உருவாக்கும் நிரல், நோட்டில் சி++ கோடுடன் வரும் மாட்யூல்கள் இவையெல்லாம் புது வெர்ஷனுக்காக மறுபடி கம்பைல் ஆக வேண்டும். கையால் கோப்பாகக் கொண்டுவந்து புராஜெக்ட்டில் போட்ட பழைய லைப்ரரிகளும் எந்தப் பட்டியலிலும் வராது. புராஜெக்ட்டின் கோப்புறைகளில் ஒரு நடை நடந்து கண்ணால் தேட வேண்டும்.

5. மாறுவதா, தேதி குறிப்பதா, காத்திருப்பதா

இப்போது கையில் மூன்று தகவல்கள் இருக்கின்றன: பழையது முடியும் நாள், வேலைக்குத் தேவையான காலம், தடுக்கும் லைப்ரரிகள்.

பாதுகாப்பு ஆதரவு ஏற்கெனவே முடிந்துவிட்டதென்றால் யோசனையே வேண்டாம், உடனே தொடங்குங்கள். பிஎச்பி 7.4-க்கு 2022 நவம்பர் 28-ல் முடிந்தது. வ்யூ 2-க்கு 2023 டிசம்பர் 31-ல் முடிந்தது. இவற்றில் இனி ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால், அந்தக் குழுவிடமிருந்து பேட்ச் வராது. தளம் ஒரு குறையும் இல்லாமல் ஓடுவதுபோலவே தெரியும். ஆபத்தே அதுதான்.

ஒரு வருடத்துக்குள் முடியப்போகிறது, தடுக்கும் லைப்ரரி இல்லை என்றால் மூன்றாம் படியில் எண்ணிய தேதியைக் காலண்டரில் குறித்து, ஒருவர் பெயரை அதன் பக்கத்தில் எழுதுங்கள். பெயர் இல்லாத தேதி நகர்ந்துகொண்டே போகும்.

ஒரு வருடத்துக்கு மேல் இருக்கிறது, புதியது வந்து ஒரு மாதம்தான் ஆகிறது என்றால் காத்திருங்கள். முதல் வெளியீட்டுக்குப் பிறகு வரும் இரண்டு மூன்று பேட்ச் வெளியீடுகளில்தான் பலர் கையில் உண்மையாக ஓடி வெளிப்பட்ட பிழைகள் சரியாகும். நான் பொதுவாக மூன்றாவது பேட்ச் வரை பொறுப்பேன். ஆனால் காத்திருக்கும் நாளிலும் சிஐ-யில் புது வெர்ஷனுக்கு ஒரு வரி சேர்த்து, டெஸ்ட் தோற்றாலும் வேலையைத் தடுக்காதபடி ஓட விடுங்கள். எத்தனை தோற்கின்றன என்ற எண் வாரா வாரம் குறைவதைப் பார்த்தால், எப்போது மாறலாம் என்று உங்களுக்கே தெரியும்.

இந்தக் கணக்குக்கு வெளியே இரண்டு நிலைகள் உண்டு. புது புராஜெக்ட் தொடங்குகிறீர்கள் என்றால், உங்களுக்கு வேண்டிய லைப்ரரிகள் ஆதரிக்கும் மிகப் புதிய நிலையான வெர்ஷனில் தொடங்குங்கள். பழையதில் தொடங்குவது முதல் நாளே கடன் வாங்குவதுபோல. பிறர் பயன்படுத்தும் லைப்ரரியை எழுதுபவர் நீங்கள் என்றால், சோதனை வெளியீட்டிலேயே ஓட்டிப் பார்க்க வேண்டும். உங்களுக்காக மற்றவர்கள் காத்திருப்பார்கள்.

நோட்டில் மட்டும் ஒரு எச்சரிக்கை. 20, 22 போன்ற இரட்டைப்படை வெர்ஷன்கள் ஏப்ரலில் வெளியாகி, அக்டோபரில்தான் நீண்ட கால ஆதரவு நிலைக்கு வந்தன. 19, 21 போன்ற ஒற்றைப்படை வெர்ஷன்களுக்கு ஏறக்குறைய ஏழரை மாதம்தான் ஆதரவு கிடைத்தது. பெரிய எண்ணாக இருக்கிறதே என்று 21-க்குத் தாவிய ஒருவர் அடுத்த கோடையிலேயே மறுபடி மாற வேண்டியிருந்தது.

6. பழைய வெர்ஷனிலேயே எச்சரிக்கைகளைத் தீர்த்துவிடுங்கள்

அடுத்த வெர்ஷனில் நீக்கப்போகும் அம்சங்களுக்கு இந்த வெர்ஷனிலேயே டெப்ரிகேஷன் எச்சரிக்கை வரும். பல இடங்களில் லாக் (சர்வரின் பதிவுக் கோப்பு) நிரம்புகிறது என்று அதை அணைத்து வைத்திருப்பார்கள். அதை மறுபடி இயக்கி, ஒரு வாரம் ஓட்டி, வருவதை எல்லாம் திருத்துங்கள். இதைப் பழைய வெர்ஷனில் செய்வதற்குக் காரணம் இருக்கிறது: ஒவ்வொரு திருத்தத்தையும் சின்னதாக, தனியாக டெப்ளாய் செய்யலாம் (சர்வரில் ஏற்றலாம்), தப்பானால் திரும்ப எடுக்கலாம். மாற்றும் நாளுக்கு மிச்சம் இருப்பது வெர்ஷன் எண்ணை மாற்றுவது மட்டும்தான்.

ஆனால் எச்சரிக்கையே தராமல் நடத்தை மாறும் இடங்கள் உண்டு. பிஎச்பி 7-ல் `"" == 0` என்பது உண்மை. 8-ல் அது பொய். ஒரு ஆர்டர் படிவத்தில் தள்ளுபடி என்ற கட்டம் இருக்கிறது, பெரும்பாலானோர் அதைக் காலியாக விடுவார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே கோடு, தள்ளுபடி `== 0` என்றால் வழக்கமான விலை, இல்லையென்றால் தள்ளுபடிக் கணக்கு என்று பிரிகிறது. 7-ல் காலிக் கட்டம் வழக்கமான விலைக்குப் போகும். 8-ல் அதே காலிக் கட்டம் தள்ளுபடிக் கணக்குக்குள் நுழையும். லாக்கில் எதுவும் வராமலே மொத்தத் தொகை தப்பாகிவிடலாம்.

ஆகவே வெர்ஷன் மாற்ற வழிகாட்டியில் "பழையதோடு பொருந்தாத மாற்றங்கள்" என்ற பகுதியை முழுவதுமாகப் படியுங்கள். புதிய வசதிகள் பகுதியை அப்புறம் படிக்கலாம். ஒவ்வொரு மாற்றத்துக்கும் உங்கள் கோடில் தேடிப் பார்த்து, எத்தனை இடம் என்று குறித்துக்கொள்ளுங்கள். பிஎச்பி-க்கு ரெக்டர், பிஎச்பிஸ்டான் போன்ற கருவிகள் இதில் நிறைய உதவும்.

7. ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம்

மொழி, ஃப்ரேம்வொர்க் (மொழியின் மேல் தளம் கட்ட உதவும் லாராவெல் போன்ற சட்டகம்), டேட்டாபேஸ் மூன்றையும் ஒரே இரவில் மாற்றினால், காலையில் வரும் பிழை எதனால் என்று சொல்ல முடியாது. புதிய அம்சம் எதையும்கூட அதே டெப்ளாயில் சேர்க்காதீர்கள்.

வரிசையை எப்படிக் கண்டுபிடிப்பது? இரண்டு பக்கமும் ஏற்கும் பாலத்தைத் தேடுங்கள். லாராவெல் 10, பிஎச்பி 8.1 முதல் 8.3 வரை ஓடும். லாராவெல் 11-க்குக் குறைந்தது 8.2 வேண்டும். நீங்கள் லாராவெல் 10, பிஎச்பி 8.1-ல் இருந்தால், முதலில் பிஎச்பி-யை 8.3 ஆக்குங்கள். இரண்டு வாரம் ஓடட்டும். அப்புறம் லாராவெல்லை 11 ஆக்குங்கள். எந்த இடத்தில் நின்றாலும் நிலையான கலவைதான் ஓடிக்கொண்டிருக்கும்.

ஃப்ரேம்வொர்க்கில் படி தாண்டாதீர்கள். ரெயில்ஸ், ஜாங்கோ, ஆங்குலர் மூன்றின் வழிகாட்டிகளும் ஒவ்வொரு வெர்ஷனாகப் போகத்தான் சொல்கின்றன. இடையில் உள்ள வெர்ஷன்தான் எச்சரிக்கையைத் தரும். அதைத் தாண்டிப் போனால் எச்சரிக்கைக்குப் பதில் பிழை வரும். பிஎச்பி போன்ற மொழியில் நேராகத் தாவலாம், ஆனால் இடையில் உள்ள எல்லா வழிகாட்டிகளையும் படித்தாக வேண்டும்.

தற்காலிகச் சுவிட்சுகளில் கவனம் வேண்டும். நோட் 17-ல் ஓபன்எஸ்எஸ்எல் 3 வந்தபோது, தளத்தின் கோப்புகளைத் தொகுக்கும் கருவியான வெப்பேக் 4 பயன்படுத்திய பழைய ஹாஷ் முறை (கோப்புக்கு அடையாளக் குறியீடு கணக்கிடும் முறை) தடைபட்டு, தொகுக்கும் வேலை (பில்டு) நின்றுபோனது. பழைய முறையை அனுமதிக்கும் ஒரு சுவிட்சைப் போட்டு எல்லாரும் தப்பித்தார்கள். வெப்பேக்கை மாற்றாமல் அந்தச் சுவிட்சோடு பல வருடம் ஓடும் புராஜெக்ட்டுகளை இன்றும் பார்க்கிறேன். போட்டால், எடுக்கும் தேதியையும் அந்த வரிக்கு மேலேயே எழுதுங்கள்.

8. உண்மையான தரவின் நகலோடு ஸ்டேஜிங்கில் ஓட்டுங்கள்

பத்து வரிச் சோதனைத் தரவில் எல்லாம் சரியாகத்தான் ஓடும். வருடக்கணக்காகச் சேர்ந்த தரவில்தான் எதிர்பாராத இடத்தில் காலியான (null) மதிப்பும், பழைய வடிவத் தேதியும், உடைந்த எழுத்துக்குறியும் இருக்கும். நகல் எடுக்கும்போது பெயர், தொலைபேசி எண் போன்றவற்றை மாற்றிவிடுங்கள். நகலை ஏற்றும் முன்பே ஸ்டேஜிங்கிலிருந்து மின்னஞ்சலும் குறுஞ்செய்தியும் வெளியே போகாதபடி அடையுங்கள். இதை மறந்து ஆயிரக்கணக்கான வாடிக்கையாளர்களுக்கு நினைவூட்டல் போய்விட்டால், திரும்ப எடுக்க வழியே இல்லை.

தானியங்கி டெஸ்டுகள் இல்லாத தளம் என்றால், பணமும் அடையாளமும் சம்பந்தப்பட்ட பாதைகளை ஒரு தாளில் எழுதிக் கையால் ஓட்டுங்கள்: உள்நுழைவு, கடவுச்சொல் மீட்பு, பணம் செலுத்துதல், பணம் திருப்புதல், கோப்பு ஏற்றுதல், அறிக்கை இறக்குதல், எல்லா க்ரான் வேலைகளும். ஒரே பதிவைப் பழையதிலும் புதியதிலும் ஓட்டி, வரும் தொகைகளை ஒப்பிடுங்கள். மேலே சொன்ன தள்ளுபடிப் பிழை இப்படித்தான் பிடிபடும்.

9. திரும்பி வரும் வழியை ஒத்திகை பாருங்கள்

மொழி வெர்ஷனைத் திரும்ப மாற்றுவது சுலபம், பழைய இமேஜை மறுபடி ஏற்றினால் போதும். டேட்டாபேஸ் அப்படி இல்லை. மைஎஸ்க்யூஎல் 5.7-லிருந்து 8.0-க்குப் போனால், அந்த டேட்டா கோப்புகளோடு 5.7-க்குத் திரும்ப முடியாது. மாற்றும் முன் எடுத்த பேக்கப்தான் ஒரே வழி, அதற்குப் பிறகு வந்த பதிவுகள் போய்விடும். ஆகவே டேட்டாபேஸைக் கடைசியில், தனியாக, அதிக ஒத்திகையோடு மாற்றுங்கள். 8.0-ல் "ரேங்க்", "க்ரூப்ஸ்" போன்ற சொற்கள் ஒதுக்கப்பட்ட சொற்களாகிவிட்டன. அந்தப் பெயரில் நெடுவரிசையோ அட்டவணையோ இருந்தால் மேற்கோள் குறி இல்லாத க்வெரிகள் (டேட்டாபேஸிடம் தரவு கேட்கும் கட்டளைகள்) உடையும்.

பேக்கப் இருக்கிறது என்று சொன்னால் போதாது. வேறொரு சர்வரில் அதை மீட்டெடுத்து, எத்தனை நிமிடம் ஆகிறது என்று கடிகாரத்தில் பாருங்கள். அந்த எண்தான், எத்தனை மணிக்குள் பிரச்சினை தீராவிட்டால் திரும்பிவிடுவது என்ற கெடுவைத் தீர்மானிக்கும். கெடுவை முன்கூட்டியே எழுதி வையுங்கள். களைத்த மூளை "இன்னும் பத்து நிமிடம்" என்றே சொல்லிக்கொண்டிருக்கும்.

10. மாற்றும் நாளும் அடுத்த வாரமும்

வாரத் தொடக்கத்தில், காலை வேளையில் செய்யுங்கள். வெள்ளிக்கிழமை மாலையும் மாதக் கடைசியும் வேண்டாம். பல சர்வர்கள் இருந்தால் ஒன்றை மட்டும் முதலில் மாற்றி, ஒரு நாள் அதன் லாக்கை மற்றவற்றோடு ஒப்பிடுங்கள்.

மாற்றியதும் க்யூ வொர்க்கர்களைக் கையால் நிறுத்தித் தொடங்குங்கள். அவை நினைவகத்தில் பழைய வெர்ஷனையே பிடித்துக்கொண்டு நாள்கணக்கில் ஓடும். கேஷை (தற்காலிகச் சேமிப்பை) காலி செய்யுங்கள். அப்புறம் முதல் படியில் எழுதிய பட்டியலை எடுத்து, ஒவ்வொரு இடத்திலும் வெர்ஷன் கட்டளையை மறுபடி ஓட்டி, பழைய எண்ணை அடித்துப் புது எண்ணை எழுதுங்கள். மாத முடிவில் மட்டும் ஓடும் வேலை ஒன்று இருந்தால், அது ஒரு தடவை ஓடி முடியும் வரை பழைய வெர்ஷனைச் சர்வரிலிருந்து நீக்காதீர்கள். அது முடிந்ததும் நீக்கிவிட்டு, புது வெர்ஷனின் ஆதரவு முடியும் தேதியைப் பட்டியலில் எழுதி, வேலையைத் தொடங்க வேண்டிய மாதத்தையும் அப்போதே எண்ணிக் காலண்டரில் போட்டுவிடுங்கள்.